சிரிக்க வேண்டாத வேஷம்

கோபித்துக்கொள்கிறவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறேன். பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் வந்துவிட்டது என்று கடை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அறுபது வயதுக்காரரைப் பார்த்திருக்கிறேன். பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போடவில்லை என்று முகூர்த்தத்துக்கே வராமல் மண்ணச்சநல்லூரில் தன் அரிசி ஆலை வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட தாய்மாமனை எனக்குத் தெரியும். மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாகப் போய்க் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். இவர்களெல்லாம் ஏதோ வந்த கோபத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள். அதை ஒரு வித்தையாகவே செய்த மனுஷி ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அவரைப் பார்த்தது தில்லைநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில். டோக்கன் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, அவருக்கு இரண்டு மூன்று கூட இருக்கும். முகூர்த்த மாசம். புரூஃப் பார்க்க உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது என்று கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன்.

"நாப்பத்தொண்ணு. உக்காருங்க" என்றார்.

"ஒரு நிமிஷ வேலைதாங்க. கண்ணாடிக்கு மட்டும் எழுதிக் கொடுத்தா போயிடுவேன்."

"நாப்பத்தொண்ணு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். வாயும் சும்மா இருக்காது. நான் யார், என் கடை எங்கே இருக்கிறது, நான் ஒரு நாள் இல்லாவிட்டால் எத்தனை வீட்டுக் கல்யாணம் நின்றுபோகும் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். அந்த அம்மாள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வாயின் இரண்டு முனையும் கீழே இறங்கியிருந்தன. புருவம் ஏறவும் இல்லை, நெரியவும் இல்லை. எனக்கு மூச்சு வாங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முடிஞ்சுதுங்களா? இப்ப பதினெட்டு உள்ள போயிருக்கு. உங்க நம்பர் வரும்போது கூப்பிடறேன்."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? இரண்டு மணி நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் சூழ வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நேராக டாக்டர் அறைக்கு நடந்தார். "அம்பத்தாறு" என்றார் இந்த அம்மாள், குரலை உயர்த்தாமல். வெள்ளைச் சட்டை திரும்பி அந்த முகத்தைப் பார்த்தது, அசட்டுச் சிரிப்பு சிரித்தது, வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சொட்டு மருந்து விட்டதில் வழி தெரியாமல் தடுமாறிய ஒரு பெரியவரை அதே உர்ரென்ற முகத்தோடு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து "இருபத்தேழு" என்றார். ஒரு எண் தப்பவில்லை.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், என் சம்பந்தி அம்மாள் இவர்தான் என்று.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பகலில் பத்திரிகை அடிக்கிறவன் என்றாலும் சாயங்காலங்களில் நான் நாடகம் எழுதுகிறவன். ஆபீஸிலும் கடையிலும் வேலை பார்க்கிற எட்டுப் பேர் சேர்ந்த குழு எங்களுடையது. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் வீட்டு மாடியில் ஒத்திகை. அவரையே நாங்கள் கார்டு என்றுதான் கூப்பிடுவோம், பெண்ணின் அப்பா வேஷமெல்லாம் அவருக்கு. என் கடைக்கு வந்த கோபங்களையெல்லாம் சேர்த்துக் கல்யாணக் கலாட்டா ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதில் மாப்பிள்ளையின் அம்மா கோபித்துக்கொண்டு மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அவளைச் சாப்பிட எழுப்புவதுதான் நாடகமே. அந்த வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்காமல் இருந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். நாடகம் என்றதும் ஆச்சரியப்படுவார், வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் இல்லை.

"என்ன வேஷம்?"

"சம்பந்தி அம்மா. கோவமா இருக்கணும்."

"சிரிக்கணுமா?"

"வேண்டாங்க. ஒரு இடத்துல கூட வேண்டாம்."

"அப்ப வரேன்" என்றார்.

நான் கொடுத்த அந்த வாக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒத்திகைக்கு வருவார். கையில் பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடி, வசனம் எழுதிய நோட்டு, மேடைக்கு உடுத்துகிற மாம்பழக் கலர் புடவை எல்லாம் அதற்குள் இருக்கும். படியேறும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது கை நீட்டினால், "அவங்கவங்க பை அவங்கவங்க கையில" என்பார். ஸ்கூல் வேன் ஓட்டுகிற அவர் வீட்டுக்காரர் ஒருவர் மட்டும்தான் அந்தக் கூடையைத் தொட்டு நான் பார்த்திருக்கிறேன். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். ஆனாலும் கூடை அவர் கையில்தான்.

முதல் ஒத்திகையிலேயே என் வசனத்துக்கு வேட்டு வைத்தார். சம்பந்தி அம்மாள் ஏன் கோபித்துக்கொண்டாள் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். காபி ஆறியிருந்தது, ஜமுக்காளத்தில் கறை, மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரம் பாதியில் நின்றது என்று ஒவ்வொன்றும் கைதட்டல் வாங்க வேண்டிய வரி. அவர் நோட்டைப் படித்துவிட்டு மூடினார். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கார்டு வந்து "சம்பந்தி, இலை போட்டாச்சு, வாங்க" என்றதும் உட்கார்ந்தபடியே நாற்காலியைக் கர்ரென்று தேய்த்துச் சுவர்ப் பக்கமாகக் கால்வாசி திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். மாடியில் இருந்த ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மூணு பக்கம் எழுதியிருக்கேன் அக்கா" என்றேன்.

"படிச்சேன் தம்பி. நல்லாத்தான் இருக்கு. ஆனா காரணத்தைச் சொல்லிட்டா அப்புறம் அது கோவம் இல்லீங்களே, புகார்."

மூன்று பக்கமும் போயிற்று. எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் பேசாமல் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடுத்து அவரே ஒரு கணக்கு வைத்தார். "முதல் தடவை கூப்பிட்டா திரும்பவே கூடாது. ரெண்டாவது தடவை கூப்பிட்டா பாக்கணும், பாத்துட்டுப் பேசாம இருக்கணும். மூணாவது தடவை கூப்பிட்டா எழுந்திருக்கணும். நாலாவது தடவை கூப்பிட வெச்சா அது திமிரு. ரெண்டாவதுலயே எழுந்துட்டா, சாப்பாட்டுக்குக் காத்திருந்தவன்னு ஆயிடும்." பந்தியில் போதும் போதும் என்று இலைமேல் கையை விரிப்பவர்களுக்கும் மூன்றாவது கரண்டி விழுகிறதே, அதே கணக்குத்தான். நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை. நாடகம் நாலைந்து இடத்தில் நடந்த பிறகு ஜனங்களே நாற்காலியிலிருந்து "ஒண்ணு", "ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தார்கள். மூன்றாவது அழைப்புக்கு அவர் எழுந்திருக்கும்போது விசில் பறக்கும். அவர் முகத்தில் ஒரு கோடு மாறாது.

எங்கே போனாலும் அவர் கவனித்ததெல்லாம் உம்மென்று இருக்கிறவர்களைத்தான். உறையூரில் கபடிப் போட்டி நடந்தால் ஜெயித்த பக்கம் திரும்ப மாட்டார். அவுட்டாகிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவனைப் பார்ப்பார். "பாருங்க, மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போடறான். யார் மேல கோவம்னு அவனுக்கே தெரியல" என்பார். டிவியில் கிரிக்கெட் ஓடினால் அவுட்டானவன் மட்டையை இழுத்துக்கொண்டு திரும்பி நடக்கிற இடம்தான் அவருக்கு ஆட்டம். அதைச் சரியாகக் காட்டுவதற்குள் விளம்பரம் போட்டுவிடுகிறார்கள் என்று சேனல்காரன்மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல். சினிமாவில் கதாநாயகி கோபித்துக்கொண்டால் ஒரு பாட்டு முடிவதற்குள் சமாதானமாகிவிடுகிறாளே, அது அவருக்குப் பிடிக்காது. "அஞ்சு நிமிஷத்துல போறதுக்குப் பேரு கோவமா? விக்கல்."

கதைப் புத்தகங்களும் நிறையப் படிப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எழுதறவங்க எல்லாரும் 'அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்'னு எழுதி ஒரு புள்ளி வெச்சுட்டு அடுத்த ஊருக்குப் போயிடறீங்க. அவ அந்த மூஞ்சியோடதான தம்பி அரிசி களையணும்? குக்கருக்கு வெயிட்டு போடணும், பிள்ளைக்குத் தலை பின்னணும். கோவமா இருந்துக்கிட்டே தலை பின்னறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இழுத்துப் பின்னிடக் கூடாதுல்ல."  இருபது வருஷம் எழுதியும் எனக்கு இது தோன்றியதில்லை.

துறையூரில் ஒருமுறை நாடகம் பாதியில் கரண்ட் போயிற்று. திறந்தவெளி, ஐந்நூறு பேர், ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போய்விட்டான். மைக்கும் போச்சு. இரண்டு நிமிஷத்தில் கூச்சல் கிளம்பிவிடும், கூட்டம் கலைந்துவிடும் என்று கார்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் அக்கா மட்டும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் செல்போன் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தார். அப்புறம் பத்து டார்ச், ஐம்பது டார்ச். அவர் வெளிச்சம் வந்த பக்கத்திலிருந்து நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டார். ஜனங்கள் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போய் டார்ச் அடித்தார்கள். மறுபடியும் திருப்பிக்கொண்டார். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "வந்து சாப்பிடுங்க சம்பந்தி, நாங்க பாத்துக்கறோம்" என்று குரல் கொடுத்தார். பத்து நிமிஷம், ஒரு வசனம் இல்லாமல், மூஞ்சியை வைத்துக்கொண்டே அந்தக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். கரண்ட் வந்தபோது எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

"பயமா இல்லையா அக்கா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"பயந்துதான் இருந்தேன். மூஞ்சியில வேற ஒண்ணும் வராது, அதனால தப்பிச்சேன்" என்றார்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு லீவு போடுவார். பங்குனி உத்திரம். ஸ்ரீரங்கத்தில் அன்றைக்கு மட்டையடி. ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெருமாள் உறையூருக்குப் போய் அங்கே இருக்கிற நாச்சியாரைப் பார்த்துவிட்டு, விரலில் இருந்த மோதிரத்தையும் விட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் திரும்புவார். தாயார் சன்னதிக்குப் பல்லக்கு வந்தால் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். பூவும் வாழைமட்டையும் மேலே வந்து விழும். பல்லக்கு பின்வாங்கும், மறுபடி முன்னால் வரும், மறுபடி கதவு. பெருமாள் சார்பில் வெளியே ஒருத்தர் கெஞ்ச, தாயார் சார்பில் உள்ளேயிருந்து ஒருத்தர் பதில் சொல்வார். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து காட்சி கொடுப்பார்கள்.

ஒரு வருஷம் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். என் மனைவியும் வந்திருந்தாள். "உங்க ஊருக்கு வந்துட்டுப் போனதுக்குத்தான அக்கா இவ்வளவு கலாட்டா?" என்று சீண்டினேன்.

"அதுக்கு? நியாயம் எங்க இருக்கோ அங்கதான நிக்கணும்" என்றார். பிறகு கதவைக் காட்டினார். "நல்லாப் பாருங்க தம்பி. கதவைச் சாத்திட்டா. ஆனா உள்ளேருந்து பதில் சொல்றதுக்கு ஆள் நிறுத்தியிருக்கா. பேச்சே வேண்டாம்னா எதுக்கு ஆளு? கோவம்னா எதிராளி வந்து கூப்பிடற வரைக்கும்தான். கூப்பிட வரவே இல்லைன்னா அதுக்குப் பேரு வேற."

"என்ன பேரு?" என்றாள் என் மனைவி.

அக்கா பல்லக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சபாவில் நாடகப் போட்டி வைத்தார்கள். எங்கள் நாடகத்துக்குத்தான் பரிசு என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் தலைக்கேறியிருந்தது. நடுவராக வரப்போகிறவர்களுக்குக் குடும்பம் ஒன்றுசேர்கிற முடிவுதான் பிடிக்கும் என்று எவனோ காதில் போட்டான். உடனே கடைசிக் காட்சியை மாற்றினேன். சம்பந்தி அம்மாள் எழுந்து வந்து, மருமகளைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்க வேண்டும்.

அக்கா நோட்டைப் படித்தார், மூடினார். "இவ எழுந்து வந்து இலையில உக்காருவா தம்பி. அவளுக்கு அதுவே பெரிசு. சிரிக்க மாட்டா."

"எழுதினவன் நான். நான் சொல்றேன், சிரிப்பா."

"முதல் நாளே கேட்டேனுங்களே, சிரிக்கணுமான்னு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. "உங்களுக்குச் சிரிக்க வராதுன்னு சொல்லுங்க. நடிப்பு நடிப்புன்னு கொண்டாடறாங்க, மூஞ்சியே அப்படி, இதுல நடிக்க என்ன இருக்கு?" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதோடு விட்டேனா? அன்று சாயங்காலமே கடையில் நாடக நோட்டீஸை நானே அச்சுக் கோத்தேன். கார்டு பெயர், என் பெயர், நேற்று வந்து சேர்ந்த பெண்ணின் பெயர் என்று எல்லாவற்றையும் போட்டேன். அக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மற்றும் பலர்' என்று போட்டேன். கைதவறி இல்லை, வேண்டுமென்றே. பெயர் விட்டுப்போனால் எத்தனை வீடு இரண்டாகும் என்று ஊருக்கே எச்சரிக்கிற தொழில் செய்கிறவன் நான். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டுக்கும் வழக்கம்போல் ஒன்று போயிற்று, அவருடைய கவுண்டருக்கு நேர் எதிரே.

என் மனைவி நோட்டீஸைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோற்றை மட்டும் போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள், "போய்க் கூப்பிடுங்க. அவங்க வருவாங்க" என்றாள். போனேன். உறையூரில் ஒரு மாடி வீடு. கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒத்திகைக்கு நேரமாச்சு. வாங்க" என்றேன்.

பதில் இல்லை.

"அக்கா, நான்தான் கூப்பிடறேன். வாங்க."

டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வாசலில் நிற்பவனை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று நினைத்தேன். ரத்தம் தலைக்கு ஏறியது. செருப்பை மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்கி வந்துவிட்டேன்.

போட்டியில் வேறொரு பெண் சம்பந்தியாக நடித்தாள். அழகாகச் சிரித்தாள். முதல் அழைப்பு, இரண்டாவது அழைப்பு என்று வந்தபோது எண்ணுவதற்கு ஆளில்லை. மூன்றாவதற்குள் பின்வரிசை எழுந்து போக ஆரம்பித்தது. பரிசு போனதை விடுங்கள், அதற்குப் பிறகு எனக்கு எழுதவே வரவில்லை. எந்தக் காட்சியை நினைத்தாலும் நடுவில் ஒரு காலி நாற்காலி. கார்டு வீட்டு மாடியில் இப்போது துணி காய்கிறது. அக்காவும் வேலையை விட்டுவிட்டு மகளோடு கோயம்புத்தூரில் இருக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. போன மாசி மாசம் கடைக்கு அவர் வீட்டுக்காரர் வந்து நின்றார். பேத்திக்குக் காதுகுத்து, பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார். தாத்தா பாட்டி வரியில் அக்காவின் பெயர் இருந்தது. "இதை விட்டுடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். காதெல்லாம் சுட்டது எனக்கு. டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கி நானும் வீட்டுலதாங்க இருந்தேன். நீங்க ரெண்டாவது தடவை கூப்பிட்டதும் அவதான் டிவி சத்தத்தைக் குறைச்சா. பேசாம இருன்னு எனக்குக் கண்ணைக் காட்டினா. கூடையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. மாம்பழக் கலர் புடவை மத்தியானமே மடிச்சு உள்ள வெச்சாச்சு. நீங்க படி இறங்கற சத்தம்தான் கேட்டுச்சு."

 "கதவு தாழ்ப்பாள் போட்டிருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. தள்ளினா தொறந்திருக்கும்."

"நீங்களாவது ஓடி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லி நீங்க வந்தா, அது நீங்க கூப்பிட்டதா ஆகாதேங்க" என்றார். "அடுத்த மாசம் உத்திரத்துக்கு வருவா. அதை மட்டும் விட மாட்டா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க, அப்புறம் எனக்கு ஆரம்பிச்சுடும்."

அந்தப் பத்திரிகையில் அக்காவின் பெயரை நாலு தடவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு விட்டேன்.

உத்திரத்தன்று காலையிலேயே ஸ்ரீரங்கம் போய்விட்டேன். தாயார் சன்னதி முன்னால் நெரிசல். மூச்சுவிட இடமில்லை. பல்லக்கு ஒருமுறை வந்து, கதவு சாத்தி, பின்வாங்கியிருந்தது. பூவும் மட்டையும் பறந்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் தலையெல்லாம் இதழ். தூணோரமாக ஒரு பச்சை வெள்ளை ஒயர் கூடை தெரிந்தது. முடி நன்றாக நரைத்துவிட்டது. வாயின் இரண்டு முனையும் அதே இடத்தில்தான் இருந்தன. மற்றவர்கள் பெருமாளைப் பார்க்க எம்பிக்கொண்டிருந்தார்கள், அவர் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். முதல் தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாவதற்குப் பார்ப்பார், பேச மாட்டார். மூன்று தடவையும் கூப்பிட்டுவிட வேண்டும், இந்த வாய் கோபத்தில் நடுவில் எதையும் உளறக் கூடாது. 

"அக்கா" என்றேன். "தப்பு என் மேலதான். உங்க மூஞ்சியைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது, பேரையும் விட்டிருக்கக் கூடாது. வாங்க."

அவர் திரும்பவில்லை. எதிர்பார்த்ததுதான். உள்ளேயிருந்து தாயார் பக்கத்துப் பதில் கணீரென்று கேட்டது. அது முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, இரண்டாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தேன்.

ஒயர் கூடை என் நெஞ்சில் வந்து இடித்தது. கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை என் கையில் திணித்தார்.

"பிடிங்க தம்பி" என்றார். "மூணு ஆச்சு."